விலைக்கு வாங்கிய வித்தை

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று செயலாளர் கேட்டபொழுது, வழக்கம்போல் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே யாம் முதலில் எண்ணினோம். பழைய மலர்களைப் புரட்டிப் பார்த்ததில், நம் சங்கத்தார் கடாரத்தை ஏற்கெனவே மூன்று முறை வென்று முடித்திருப்பது தெரிய வந்தது. நான்காம் முறையும் அவ்வூரைத் துன்புறுத்த மனம் ஒப்பவில்லை. ஆகவே வேறொரு போரைப் பற்றி எழுதத் துணிந்தோம். இப்போரில் யானையும் இல்லை, நாவாயும் இல்லை. விரல் நகத்தின் அளவேயுள்ள சிலிக்கான் சில்லு ஒன்றைப் பிழையின்றியும் மலிவாகவும் முந்திச் செய்து முடிப்பவர் யார் என்பதே போர். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அது நடந்து வருகிறது.

சண்டிகரில் வாழும் நமக்கு இஃது அயலூர்ச் செய்தியும் அன்று. மொஹாலிக்குப் போகும்பொழுது, குறைகடத்தி ஆய்வுக்கூடம் என்னும் பெயர்ப்பலகையை நம்மில் பலர் கண்டிருப்பர். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று குழந்தைகள் கேட்டால், ஏதோ சர்க்கார் ஆபீஸ் என்று சொல்லி விடுகிறோம். இக்கதையின் ஓர் அத்தியாயம் அந்த மதிலுக்கு உள்ளே நடந்தது. அங்கே போய்ச் சேருமுன் அமெரிக்கா, ஜப்பான், கொரியா, தைவான் என்று நாலு தேசம் சுற்ற வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

செம்பு மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும், கண்ணாடி கடத்தாது. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, உள்ளே சேர்க்கப்படும் அயற்பொருளின் அளவுக்கேற்பக் கூடவோ குறையவோ கடத்தும் பொருள்களுக்குக் குறைகடத்திகள் என்று பெயர். ஜெர்மானியமும் சிலிக்கானும் அத்தகையன. 1947ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டெய்ன் என்னும் இரு விஞ்ஞானிகள் சிறு ஜெர்மானியக் கட்டி ஒன்றைக் கொண்டு மின்குறியைப் பெருக்கிக் காட்டினர். அவர்களுடைய குழுவின் தலைவரான ஷாக்லி, அதனினும் உறுதியான வேறொரு வடிவத்தைக் கண்டார். டிரான்ஸிஸ்டர் பிறந்த வரலாறு இதுவே. மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி வருவதுதான் எமக்கு வியப்பாக இருக்கும் பகுதி. இத்துணைப் பெரிய வித்தையைக் கண்டவர்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. பெல் ஆய்வுக்கூடம் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியைச் சேர்ந்தது. அக்கம்பெனியின் மீது ஏகபோக வழக்கொன்றை அரசாங்கம் 1949இல் தொடுத்திருந்தது. அந்நிலையில் புதிய கண்டுபிடிப்பையும் தனியே வைத்துக் கொள்வது நல்லதன்று என்று எண்ணியோ, பலரும் கையாண்டால்தான் வித்தை வளரும் என்று எண்ணியோ, 1952இல் உரிமம் பெற விரும்பியவர்களையெல்லாம் அழைத்துப் பாடம் நடத்தினர். முன்பணம் 25,000 டாலர். உலகத்தின் போக்கையே மாற்றிய வித்தைக்கு அவ்வளவுதான் விலை.

போரில் தோற்று, குண்டு வீச்சில் எரிந்து கிடந்த டோக்கியோவில், மசாரு இபுகா, அக்கியோ மொரிட்டா என்னும் இருவர் 1946இல் ஒரு சிறு கம்பெனி தொடங்கியிருந்தனர். பிற்காலத்தில் ஸோனி என்று உலகமெல்லாம் அறிந்த நிறுவனம் அதுவே. 1953இல் மொரிட்டா அமெரிக்கா சென்று உரிமத்துக்கு ஒப்பந்தம் செய்து திரும்பினார். ஆனால் அந்த 25,000 டாலரை நாட்டை விட்டு வெளியே அனுப்ப ஜப்பானிய வர்த்தக அமைச்சகம் எளிதில் இணங்கவில்லை. இவ்வளவு சிறிய கம்பெனி டிரான்ஸிஸ்டர் செய்து என்ன ஆகப்போகிறது என்று அதிகாரிகள் மாதக்கணக்கில் காகிதத்தை நிறுத்தி வைத்தனர். அலுவலகத்தில் காகிதத்தை நிறுத்தி வைக்கும் கலையில் எமக்கும் சிறிது பழக்கம் உண்டாதலால், அவ்வதிகாரிகளை மிகுதியாகக் குறை கூறோம்.

உரிமம் விற்ற அமெரிக்கர்கள், காது மந்தமானவர்களுக்கான கருவியே இதைக் கொண்டு செய்யத் தக்கது என்று யோசனை சொல்லி அனுப்பினர். இபுகாவோ ரேடியோ செய்வதென்று பிடிவாதமாக நின்றார். 1954இல் அக்கம்பெனியின் இவாமா என்னும் பொறியியலார் அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் பார்வையிடச் சென்றார். பகலெல்லாம் கண்ணால் கண்டதை மனத்தில் பதித்துக்கொண்டு, இரவில் ஹோட்டல் அறையில் அமர்ந்து, படங்களோடு கடிதம் கடிதமாக டோக்கியோவுக்கு எழுதி அனுப்பினார். அக்கடிதங்களை வைத்துக்கொண்டு, அங்கிருந்தவர்கள் தாங்களே உலைகளையும் யந்திரங்களையும் கட்டினர். 1955இல் முதல் ரேடியோ வெளிவந்தது. முந்தியவர்கள் என்னவோ அமெரிக்கர்தாம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியின் டிரான்ஸிஸ்டரைக் கொண்ட ரேடியோ 1954லேயே அங்கே கடைக்கு வந்துவிட்டது. ஆனால் தொடர்ந்து செய்தவர்கள் ஜப்பானியர். 1957இல் சட்டைப் பையில் அடங்கும் ரேடியோ என்று ஒன்றை ஸோனி விளம்பரம் செய்தது. உண்மையில் அது சட்டைப் பையைவிடச் சற்றே பெரியது. மொரிட்டா ரேடியோவைச் சிறிதாக்கவில்லை. விற்பனையாளர்களின் சட்டைப் பையைப் பெரிதாகத் தைக்கச் செய்தார்!

அமெரிக்காவோ வேறு வழியில் முன்னேறியது. 1958இல் கில்பி, 1959இல் நாய்ஸ் ஆகிய இருவரும் தனித்தனியே பல டிரான்ஸிஸ்டர்களை ஒரே துண்டில் அமைக்கும் வழி கண்டனர். நாம் இன்று சிப் என்று சொல்லும் சில்லு அப்பொழுது பிறந்தது. அதை முதன்முதல் விலை பாராமல் வாங்கியவை மினிட்மேன் என்னும் ஏவுகணைத் திட்டமும், சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்போலோ திட்டமும் ஆகும். அரசாங்கமே வாங்குபவராக நின்றதால் அமெரிக்கத் தொழில் வேரூன்றியது. 1968இல் நாய்ஸும் மூர் என்பவரும் இன்டெல் கம்பெனியைத் தொடங்கி, நினைவகச் சில்லு செய்து பெரும் பொருள் ஈட்டினர். 1971இல் அக்கம்பெனி வெளியிட்ட முதல் நுண்செயலி, ஒரு ஜப்பானியக் கணக்குப் பொறிக் கம்பெனி கேட்டதற்காகச் செய்யப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி.

நினைவகச் சில்லு என்பது கணினியின் தற்காலிகக் குறிப்புப் பலகை. ஒவ்வொரு குறிப்பும் மிகச் சிறிய மின்கலயம் ஒன்றில் மின்னூட்டமாக நிற்கும். அது கசிந்துபோகும் முன் வினாடிக்குப் பல முறை மறுபடியும் நிரப்ப வேண்டும். இத்தகைய கலயங்கள் 16,384ஐ ஒரே சில்லில் அமைத்தது 1970களின் பிற்பகுதியில். ஒளியைக் கொண்டு கோலம் போல் சிலிக்கான் தகட்டின் மேல் அச்சிட்டு, அரித்து, மீண்டும் அச்சிட்டுச் செய்யும் வேலை அது. ஒரு தூசு விழுந்தால் ஒரு சில்லு பாழ். ஆகவே இத்தொழிலில் இலாபமும் நட்டமும், ஒரு தகட்டில் எத்தனை சில்லு தேறும் என்னும் ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன.

1976இல் ஜப்பானிய அரசாங்கம் ஃபுஜிட்ஸு, ஹிட்டாச்சி, மிட்சுபிஷி, நிப்பன் எலெக்ட்ரிக், தோஷிபா ஆகிய ஐந்து கம்பெனிகளையும் ஒரே கூரையின் கீழ்க் கூட்டியது. கடைத்தெருவில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறியவர்கள் நான்காண்டுகள் ஒன்றாக ஆராய்ந்தனர். ஏறத்தாழ 7,000 கோடி யென் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு அளவை அரசு கொடுத்தது. சில்லைவிடச் சில்லு செய்யும் கருவிகளிலேயே அவர்கள் மிகுந்த கவனம் செலுத்தினர். புகைப்படக் கருவி செய்து வந்த நிக்கானும் கானனும் அச்சிடும் யந்திரம் செய்யக் கற்றுக்கொண்டன.

அதன் பலன் 1980 மார்ச்சில் வாஷிங்டன் நகரில் வெளிப்பட்டது. ஹ்யூலெட்-பேக்கார்டு கம்பெனியின் ஆண்டர்சன் என்னும் அதிகாரி, தாம் வாங்கிய நினைவகச் சில்லுகளைச் சோதித்த கணக்கை ஒரு கூட்டத்தில் படித்தார். முதல் 1,000 மணி நேர ஓட்டத்தில் எந்த ஜப்பானியக் கம்பெனியின் சில்லிலும் பழுது 0.02 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அமெரிக்கக் கம்பெனிகளில் சிறந்ததற்குப் பழுது 0.09, மட்டமானதற்கு 0.26. சரக்கு அலுவலகத்தில் உடைசல் கிழிசல் பதிவேடு எழுதியவர்களுக்கு இக்கணக்கின் பொருளை விளக்க வேண்டியதில்லை. கையெழுத்து வேறு, நாடு வேறு, மொழி வேறு. மூட்டை கிழிந்ததா இல்லையா என்பது மட்டும் எங்கும் ஒன்றே. கூட்டத்திலிருந்த அமெரிக்கத் தொழிலதிபர்கள் அந்த எண்களைக் கேட்டுத் திகைத்தனர். மலிவுச் சரக்கு என்று அதுவரை அவர்கள் எள்ளி வந்த நாட்டுச் சரக்கு அது.

ஜப்பானியரின் கை முற்றும் தூயது என்றும் சொல்வதற்கில்லை. 1982இல் ஐ.பி.எம். கம்பெனியின் இரகசியங்களை விலைக்கு வாங்க முயன்றதாக ஹிட்டாச்சி, மிட்சுபிஷி ஊழியர்கள் அமெரிக்காவில் வழக்குக்கு உள்ளாயினர். ஹிட்டாச்சி குற்றத்தை ஒப்புக்கொண்டது. 1985இல் அதே ஹிட்டாச்சியின் சுற்றறிக்கை ஒன்றும் வெளிப்பட்டது. போட்டியாளர் விலைக்குப் பத்து விழுக்காடு குறைத்துக் கேளுங்கள், அவர்கள் குறைத்தால் மேலும் பத்துக் குறையுங்கள், வெல்லும்வரை விடாதீர்கள் என்பது அதன் கருத்து. அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்கள் என்று அமெரிக்கர் கூக்குரலிட்டதற்கு ஆதாரம் இருந்தது. ஆயினும் 0.26 என்னும் எண் சுற்றறிக்கையால் வந்ததன்று.

1985இல் இன்டெல் நினைவகச் சில்லுத் தொழிலையே கைவிட்டது. அத்தொழிலால் எழுந்த கம்பெனி அத்தொழிலை விட்டு வெளியேறியது. மறு ஆண்டு அதற்கு 17 கோடி டாலருக்கு மேல் நட்டம். 1986இல் உலகச் சில்லு விற்பனையில் ஜப்பான் அமெரிக்காவை முந்தியது. 1988இல் ஏறத்தாழப் பாதியே அதன் கையில் இருந்தது.

அமெரிக்க அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1986 செப்டம்பரில் இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி ஜப்பானியர் குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்றல் கூடாது. ஜப்பானியச் சந்தையில் அயல்நாட்டுச் சில்லு ஐந்தாண்டுகளில் 20 விழுக்காட்டை எட்ட வேண்டும். சொன்னபடி நடக்கவில்லை என்று 1987 ஏப்ரலில் ரீகன், 30 கோடி டாலர் மதிப்புள்ள ஜப்பானியப் பொருள்களுக்கு 100 விழுக்காடு வரி விதித்தார். அதே ஆண்டு 14 அமெரிக்கக் கம்பெனிகள் ஒன்று கூடி, ஆண்டுதோறும் அரசின் 10 கோடி டாலர் உதவியுடன் ஸெமாடெக் என்னும் ஆராய்ச்சிக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. ஐந்து பேரை ஒரு கூரையின் கீழ்க் கூட்டிய ஜப்பானியரின் முறையை அமெரிக்கர் இங்ஙனம் தாமே கைக்கொண்டனர்.

உடன்படிக்கையால் நேர்ந்தது, அதை எழுதியவர்கள் எதிர்பாராதது. விலைக்குத் தரை போட்டதும் சில்லு விலை ஏறிற்று. ஏறிய விலையில் ஜப்பானியர் இலாபம் கண்டனர். கணினி செய்யும் அமெரிக்கர் கூடுதலாகக் கொடுத்து வாங்கினர். எல்லாரையும்விட நன்மை பெற்றது, அவ்வுடன்படிக்கையில் பெயரே இல்லாத தென் கொரியா. அங்கே ஸாம்ஸங் கம்பெனியின் அதிபர் லீ பியுங்-சுல் 1983இல் சில்லுத் தொழிலில் இறங்கப் போவதாக அறிவித்திருந்தார். வித்தை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து மைக்ரான் டெக்னாலஜி என்னும் சிறு கம்பெனியிடமிருந்து வந்தது. உருளைக்கிழங்கு வியாபாரத்தில் பெரும் செல்வரான சிம்ப்ளாட் என்பவர் பணம் போட்டுக் காத்த கம்பெனி அது. பணமுடையில் தன் 64,000 குறிப்புச் சில்லின் வரைபடத்தை ஸாம்ஸங்குக்கு விற்றது. 1992இல் நினைவகச் சில்லுத் தொழிலில் ஸாம்ஸங் உலகின் முதலிடத்தைப் பிடித்தது.

ஜப்பானின் கதை பின்னர் இறங்குமுகமே. 1993இல் அமெரிக்கா மீண்டும் முந்திற்று. நிப்பன் எலெக்ட்ரிக், ஹிட்டாச்சி இரண்டின் நினைவகப் பகுதிகளும் ஒன்றாய்ச் சேர்ந்த எல்பிடா என்னும் கம்பெனி 2012இல் திவாலாயிற்று. மறு ஆண்டு அதை வாங்கியவர் யார் தெரியுமோ? அதே மைக்ரான் டெக்னாலஜிதான்! 2019இல் உலக விற்பனையில் ஜப்பானின் பங்கு பத்து விழுக்காட்டளவில் நின்றது.

தைவான் மற்றொரு வழி கண்டது. 1974 பிப்ரவரி 7ஆம் நாள், தைப்பே நகரத்தில் சோயாப் பால் விற்கும் சிற்றுண்டிக் கடை ஒன்றில் மந்திரிகளும் அதிகாரிகளும் சிலர் காலைப் பலகாரத்துக்குக் கூடினர். அமெரிக்காவின் ஆர்.ஸி.ஏ. கம்பெனியில் பணிபுரிந்த பான் வென்-யுவான் என்பவர், இந்நாடு சில்லு செய்யத் தொடங்க வேண்டும் என்று அங்கே எடுத்துரைத்தார். 1976இல் ஆர்.ஸி.ஏ.விடம் வித்தை வாங்கினர். 7 மைக்ரோமீட்டர் அகலக் கோடு போடும் பழைய வித்தை அது. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இளம் பொறியியலார் சிலரை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பயிற்றினர். அவர்கள் திரும்பி வந்து கட்டிய மாதிரித் தொழிற்சாலையில், தகட்டுக்குத் தேறும் சில்லுகளின் விகிதம் சில மாதங்களிலேயே ஆசிரியரான ஆர்.ஸி.ஏ.யைக் கடந்தது.

1985இல் மோரிஸ் சாங் தைவானுக்கு வந்தார். சீனத்தில் பிறந்து, அமெரிக்காவில் படித்து, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் கால் நூற்றாண்டு உழைத்தவர். 1987இல் அவர் தொடங்கிய டி.எஸ்.எம்.ஸி. கம்பெனிக்குத் தன் பெயரில் ஒரு சில்லும் இல்லை. பிறர் வரைந்து கொடுப்பதைச் செய்து கொடுப்பதே அதன் தொழில். தையற்கடை போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய கம்பெனிகள் அப்பொழுது இதை மதிக்கவில்லை. இன்று உலகத்தின் மிக நுண்ணிய சில்லுகளில் பெரும்பாலானவை அத்தையற்கடையில்தான் செய்யப்படுகின்றன.

அவற்றை அச்சிடும் யந்திரமோ நெதர்லாந்தில் வெல்டோவன் என்னும் ஊரைச் சேர்ந்த, 1984இல் தொடங்கப்பெற்ற ஏ.எஸ்.எம்.எல். கம்பெனியுடையது. உருகிய வெள்ளீயத் துளிகளை வினாடிக்கு 50,000 வீதம் சொட்டவிட்டு, ஒவ்வொன்றையும் லேஸர் கதிரால் இரு முறை அடித்து, அதிலிருந்து எழும் கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் கண்ணாடிகளால் குவித்து அச்சிடுகின்றனர். வேறெங்கும் இந்த யந்திரம் விற்பனைக்கு இல்லை. நிக்கானும் கானனும் இப்பந்தயத்தில் பின்தங்கிவிட்டன.

இங்கேதான் சரித்திரம் திரும்புகிறது. 1952 முதல் பலருக்கும் விலைக்குக் கிடைத்து வந்த வித்தை, சீனாவுக்கு மறுக்கப்பட்டது. 2019இல் ஹுவாவே கம்பெனியை அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தது. மேற்சொன்ன நெதர்லாந்து யந்திரத்தைச் சீனாவுக்கு அனுப்பவும் இசைவு கிடைக்கவில்லை. 2022 அக்டோபர் 7ஆம் நாள் உயர்ந்த சில்லுகள், அவற்றைச் செய்யும் கருவிகள் ஆகியவற்றுக்கு விரிவான தடை வந்தது. ஆயினும் 2023 ஆகஸ்டில் ஹுவாவே வெளியிட்ட கைப்பேசியைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே சீனத்திலேயே செய்த நுண்ணிய சில்லு இருக்கக் கண்டனர். சீனாவும் தன் பங்குக்குக் காலியம், ஜெர்மானியம் ஆகிய உலோகங்களின் ஏற்றுமதிக்கு அதே ஆண்டு கட்டுப்பாடு விதித்தது. 1947இல் எந்த ஜெர்மானியத்தில் கதை தொடங்கிற்றோ, அதே ஜெர்மானியம்!

இனி மொஹாலி. நம் நாட்டில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1960களிலேயே டிரான்ஸிஸ்டர் செய்தது. சில்லு செய்யும் தொழிற்சாலை வேண்டுமென்று மத்திய அரசு 1976இல் முடிவு செய்தது. தைவான் ஆர்.ஸி.ஏ.விடம் வித்தை வாங்கிய அதே ஆண்டு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மொஹாலியில் உற்பத்தி தொடங்கியது 1984இல். இங்கும் அமெரிக்கக் கம்பெனி ஒன்றிடமிருந்தே வித்தை வந்தது. கோட்டின் அகலம் 5 மைக்ரோமீட்டர். அதாவது நாம் வாங்கிய சரக்கு, தைவான் முதலில் வாங்கியதைவிட நுண்ணியதே. வித்தை மட்டமானது என்று யாரும் சொல்வதற்கில்லை. ஆனால் முடிவுக்கும் உற்பத்திக்கும் இடையே எட்டாண்டுகள் கழிந்தன; தைவானில் ஓராண்டுக்குச் சற்று மேல். அன்றியும் தைவானின் சில்லுகள் கைக்கடிகாரத்துக்கும் பொம்மைக்கும் என்று அயல்நாட்டுக் கடைகளுக்குச் சென்று, விலையிலும் தரத்திலும் நாள்தோறும் அடிபட்டுத் தேர்ந்தன. மொஹாலியின் சில்லுகள் கடிகாரத்துக்கும் தொலைபேசிக்கும் பயன்பட்டும், உள்நாட்டு வேலிக்குள்ளேயே நின்றன. அப்போலோவைப் போல் அள்ளி வாங்குவோரும் இல்லை. ஹ்யூலெட்-பேக்கார்டைப் போல் எண்ணிச் சோதித்து ஏசுவோரும் இல்லை. எம் கருத்தில் குறை இங்கேதான் இருந்தது. அங்கே உழைத்த பொறியியலாரின் திறமையில் குறை இருந்ததாக யாம் எண்ணவில்லை.

1989 பிப்ரவரி 7ஆம் நாள் அத்தொழிற்சாலையில் தீப்பிடித்தது. சோயாப் பால் கடைக் கூட்டம் நடந்து சரியாகப் பதினைந்தாண்டுகள் கழிந்த அதே தேதி. தற்செயல்தான் எனினும் எழுதும்போது கை சற்றே நிற்கிறது. யந்திரங்கள் பெரும்பாலும் அழிந்தன. மீண்டும் கட்டி எழுப்பப் பல ஆண்டுகள் ஆயின. சில்லுத் தொழிலில் பல ஆண்டுகள் என்பது பல தலைமுறைகள். 2006இல் அது விண்வெளித் துறையின் பொறுப்புக்கு வந்தது. 2022இல் மின்னணுவியல் அமைச்சகத்துக்கு மாற்ற முடிவாயிற்று. இன்று அங்கே 180 நானோமீட்டர் அளவில், அதாவது ஒரு மைக்ரோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அகலத்தில் சில்லு செய்கின்றனர். நம் ராக்கெட்டுகளுக்கான விக்ரம் 3201 என்னும் நுண்செயலி 2025இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. டி.எஸ்.எம்.ஸி. அந்த அளவை விட்டு வெகு தூரம் போய்விட்டது மெய்யே. ராக்கெட்டுக்கு வேண்டியதோ நம்பிக்கை, நுண்மை அன்று.

2021 டிசம்பரில் மத்திய அரசு இத்தொழிலுக்கென்று 76,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 2023இல் குஜராத்தின் சானந்தில் தொழிற்சாலை அமைக்க ஒரு கம்பெனி உடன்பட்டது. அதுவும் மைக்ரான் டெக்னாலஜியே. ஸாம்ஸங்குக்கு வரைபடம் விற்று, எல்பிடாவை வாங்கிய அதே உருளைக்கிழங்குப் பணத்துக் கம்பெனி. அத்தொழிற்சாலைக்குரியது சில்லைக் கூட்டில் பொதிந்து சோதிக்கும் வேலை. சில்லையே அச்சிடுவதற்கான தொழிற்சாலைக்கு 2024 மார்ச் 13ஆம் நாள் குஜராத்திலேயே தோலேராவில் அடிக்கல் நாட்டப்பட்டது. நடத்துவோர் டாட்டா, 91,000 கோடி ரூபாய்ச் செலவு, மாதம் 50,000 தகடுகள் என்பது குறி. வித்தை தைவானின் பவர்சிப் கம்பெனியிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டிருக்கிறது.